எர்த் எங்கே?

எங்கள் வீட்டு ஆணியில் ஒரு பல்பு தொங்குகிறது. ஹோல்டரிலிருந்து இரண்டு ஒயர் வால் மாதிரி நீண்டிருக்கும். என் நாத்தனார் விட்டுப்போனது. பல்பை இரண்டு முறை மாற்றியாயிற்று, ஹோல்டர் அதேதான்.

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி நாங்கள் வீடு கட்டி முடித்த சமயம். மறுநாள் கிரகப்பிரவேசம். மேஸ்திரி சாவியை நீட்டினார். நான் கை நீட்டுவதற்குள் நாத்தனார் குறுக்கே வந்தாள். ஐடிஐயில் வயர்மேன் படித்தவள். "பொம்பளைக்கு இன்னாத்துக்கு இந்த வேல?" என்று கேட்டவர்களிடம், "கரண்டு ஆம்பள பொம்பள பாத்தா அடிக்குது?" என்று திருப்பிக் கேட்டவள். பிளக் பாயிண்ட் ஒவ்வொன்றிலும் இந்தப் பல்பின் ஒரு ஒயரைக் கரண்டு வரும் துளையிலும், மற்றதை மேலே இருக்கும் பெரிய எர்த் துளையிலும் செருகினாள். எர்த் இருந்தால்தான் பல்பு எரியும். கூடத்தில் எரிந்தது. சமையலறையில் எரியவில்லை.

"லைட்டு எரியுது, ஃபேன் சுத்துது. இன்னும் இன்னாம்மா வேணும்?" என்றார் மேஸ்திரி.

"லைட்டு பொணத்து தலமாட்டுலகூடதான் எரியுது. எர்த் எங்கங்க?"

நல்ல காரியம் நடக்கிற வீட்டில் என்ன பேச்சு இது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வுடும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அவள் சமையலறை சுவிட்ச் பலகையைக் கழற்றினாள். எர்த்துக்கான பச்சை ஒயர் எதிலும் மாட்டாமல் உள்ளே சுருட்டித் திணிக்கப்பட்டிருந்தது. "நீங்க உப்பளத்துலேர்ந்து ஈரக்காலோட வந்து கிரைண்டர தொடுவீங்க அண்ணி. அப்புறம் எங்க பாக்குறது?" என்றவள் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஒயர் மாட்டுற வரைக்கும் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் மேஸ்திரி."

ஒயர் மாட்டும்வரை கிரகப்பிரவேசம் தள்ளிப்போனது. திமிர் பிடித்தவள் என்றது சொந்தம், நானும்தான் சொன்னேன். அடுத்த மழையில் கிரைண்டரில் கரண்டு லீக்காகி, அந்தப் பச்சை ஒயர் வழியாக மண்ணுக்குள் இறங்க, பட்டென்று மெயின் விழுந்தது. என் ஈரக்கை அதன் மேல்தான் இருந்தது. அந்தத் திமிர் போட்ட பிச்சைதான் இந்த உயிர்.

அவள் இப்போது திண்டிவனத்தில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறாள். போன வாரம் என் மகளுக்குக் கோட்டக்குப்பத்தில் வாடகை வீடு பார்த்தோம். பல்பையும் எடுத்துப் போயிருந்தேன். சமையலறையில் எரியவில்லை.

"இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லையே" என்றார் வீட்டுக்காரர்.

"நான் கேக்குறேங்க."

"வுடும்மா, நல்ல வீடு, போயிடப்போவுது" என்று மகள் முணுமுணுத்தாள்.

பல்பை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தேன்.

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."