யோலாண்டா என்று எழுதிய கேக்

வெர்னீட்டா ஹாஸ்கின்ஸ் ஒரு பல் மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில் சேர்ந்து இருபது வருடம் நிறைந்த அன்று கேக் வாங்கி வைத்திருந்தார்கள். வெள்ளைக் கிரீமின் மேல் நீல எழுத்தில் 'வாழ்த்துகள் யோலாண்டா' என்றிருந்தது.

யோலாண்டா அங்கே வேலை பார்த்த இன்னொரு கறுப்பினப் பெண். அவள் வேலையை விட்டுப் போய் ஒன்பது வருடமாகிறது. ஒட்டடைக்குச்சி போல உயரம் அவள். வெர்னீட்டா குள்ளம், பூசினாற்போன்ற உடம்பு. ஆனாலும் மேலாளர் கிரெக்குக்கு இருவரும் ஒருத்திதான். ஆரம்பத்தில் வெர்னீட்டா திருத்திப் பார்த்தாள். "ஓ, சாரி, சாரி" என்பார். மறுவாரம் மறுபடியும் யோலாண்டா. பிறகு அவளும் விட்டுவிட்டாள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

கேக்கைப் பார்த்து, கூட வேலை பார்க்கும் பெத் என்பவளுக்கு மட்டும் முகம் சிவந்தது. அவளும் குனிந்து காகிதத் தட்டுகளை எண்ண ஆரம்பித்துவிட்டாள். மற்ற பன்னிரண்டு பேரும் கை தட்டினார்கள்.

வெர்னீட்டாவின் கணவன் ராஸ்கோ இறந்து நான்கு வருடம். மகன் கார்னெல் தொலைதூரத்தில், சியாட்டில் நகரத்தில். கிளீவ்லாந்து நகரின் கிழக்குப் பக்கத்தில் அவளுக்கு என்று இருந்தது திங்கட்கிழமை மாலை ஒன்றுதான். எர்லீன் என்பவள் நடத்தும் சலூனுக்கு அன்று விடுமுறை. நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டு, அந்த வாரம் வெள்ளைக்காரர்கள் நடுவில் பட்டதையெல்லாம் கறுப்பினத்தவர் ஏழெட்டுப் பேர் மனம்விட்டுப் பேசுவார்கள். ஏழு மாதமாக வெர்னீட்டா வருகிறாள். பொரித்த மீன் கொண்டுவருவாள், பரிமாறுவாள், வாய் திறக்க மாட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் கிளீட்டஸ் சுத்தியலும் ஆணியும் வாங்கப் போன கதையைச் சொன்னார். திருடிவிடுவாரோ என்று கடை முழுக்கக் காவலாள் பின்னாலேயே வந்தானாம். "கடைசியில, 'தம்பி, கூடவே வர்றதுக்கு இந்த ஆணிய நீ தூக்கிட்டு வா'ன்னு குடுத்துட்டேன்." எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் எர்லீன் திரும்பினாள். "நீ ஏதாச்சும் சொல்லேன் கண்ணு. உன் மீன மட்டும் எத்தன நாள் பேச விடுவ?"

வெர்னீட்டா கேக்கைப் பற்றிச் சொன்னாள்.

"அத எடுத்து அந்தாளு மூஞ்சில அப்பலையா அக்கா?" என்றாள் நர்ஸ் ஷவோன்.

"இல்ல. நானே வெட்டி எல்லாருக்கும் குடுத்தேன்."

"பேரு இருந்த துண்ட யாருக்குக் குடுத்தே?" என்று கேட்டாள் எர்லீன்.

"நானே தின்னுட்டேன்."

ஷவோன் வெடித்துச் சிரித்தாள். பிறகு சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். கிளீட்டஸ் மெதுவாகக் கேட்டார்: "இத்தன வருஷமா அந்தப் பேருக்கு நீ ஏம்மா திரும்பிப் பாத்த?"

வெர்னீட்டா மடியிலிருந்த கைக்குட்டையை நீவினாள். "அங்க வேற யாரும் என்னைக் கூப்பிடறதில்லையே."

எர்லீன் எழுந்து வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை வெர்னீட்டா கிரெக்கின் அறைக் கதவைத் தட்டினாள். நின்றபடியே சொன்னாள். "என் பேரு வெர்னீட்டா. யோலாண்டா போயி ஒன்பது வருஷமாச்சு."

கிரெக்குக்கு முகம் காது வரை சிவந்தது. கண் கலங்கிவிட்டது. "நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல. உங்களுக்கே தெரியும்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மேசை மேலிருந்த டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, அவரைத் தேற்றி முடித்து அவள் தன் இடத்துக்கு வர அரைமணி ஆயிற்று.

அதற்குப் பின் நிறவேற்றுமை பற்றி அலுவலகத்தில் எல்லோருக்கும் மூன்று மணி நேர வகுப்பு ஒன்று நடந்தது. வெளியிலிருந்து வந்த பெண்மணி நிறம், மரியாதை என்று சொல்லும்போதெல்லாம் பதின்மூன்று பேரும் வெர்னீட்டாவைப் பார்த்தார்கள். அப்புறம் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். காபி அறையில் அவள் நுழைந்தால் பேச்சு அறுந்துவிடும். கிரெக் "குட் மார்னிங்" என்பதோடு சரி. தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் எந்தப் பெயரும் சொல்வதில்லை. அங்கே சாப்பிட்டுவந்த பெத்கூட இப்போது சாப்பாட்டு டப்பாவைத் தன் மேசைக்கே கொண்டுபோய்விட்டாள்.

சில வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை இதைக் கேட்டு ஷவோன் கொதித்தாள். "அப்ப சொல்லாமயே இருந்திருக்கலாமா அக்கா?"

வெர்னீட்டா மீன் தட்டைக் கீழே வைத்தாள். "முன்னாடியும் தனியாத்தான் இருந்தேன். இப்ப அவங்களுக்கும் அது தெரியுது. ஆனா பாரு, வேலைக்குப் போகவே கால் எழ மாட்டேங்குது."

கிளீட்டஸ் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். வேண்டாமென்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் கோட்டைக்கூடக் கழற்றாமல் கார்னெலுக்குப் போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை; செய்தியைப் பதிவுசெய்யச் சொல்லி அவனுடைய பதிவுக்குரல் வந்தது. வழக்கமாக, "அம்மாதான், நேரமிருந்தா பேசு" என்று வைத்துவிடுவாள். அன்று அடுப்படியில் நின்றபடி, இருபது வருடத்தில் அவனிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் பதிவுக்கான நேரம் முடிந்து பீப் ஒலித்து இணைப்பு அறுந்தது. மறுபடி எண்ணை அழுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.