மூட்டைப்பூச்சி தேடிய வாரம்

அம்மாவின் ஒரே தம்பியின் மனைவி, எனக்கு மாமி, மாமா இல்லாமல் தனியாக லண்டனிலிருந்து கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கு வந்து இறங்கினார். முன்கூட்டி ஒரு வார்த்தை இல்லை. என் அறை அவருக்குப் போனது. நான் ஹாலில் படுத்தேன். படுக்கும்போது மாமி என் தலையைத் தடவி, "குட் நைட், ஸ்லீப் டைட், டோன்ட் லெட் த பெட்பக்ஸ் பைட்" என்றார்.

ஆங்கிலத்தில் படிக்கிற பெருமையோடு அதை மொழிபெயர்த்து அம்மாவிடம் சேர்ப்பித்தேன். "மூட்டைப்பூச்சி கடிக்க விடாதையாம்."

அம்மா தட்டுக் கழுவுவதை நிறுத்தினார். "எங்கட வீட்டில மூட்டைப்பூச்சி எண்டு ஆர் அவவுக்குச் சொன்னது?"

அடுத்த நாளும் மாமி அதையே சொன்னார். அம்மாவுக்கு அது குத்தல் என்பதில் சந்தேகம் இல்லை. மாமி குளிக்கப் போன நேரம் மெத்தையைப் புரட்டி, கட்டில் இடுக்குகளில் டோர்ச் அடித்துத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. உடனே சந்தேகம் திசை மாறியது.

"இவதான் சூட்கேஸில கொண்டு வந்திருப்பா. லண்டனில இப்ப மூட்டைப்பூச்சி கூடிப்போச்சாம்."

அன்றிலிருந்து நான் அந்தச் சூட்கேஸில் படாமல் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

டியூஷன் டீச்சரிடம் அர்த்தம் கேட்டு வரும்படி அம்மா அனுப்பினார். பிள்ளைகளைப் படுக்க அனுப்பும்போது அன்பாகச் சொல்வது அது என்றார் டீச்சர். அந்தக் காலத்துக் கட்டிலில் மெத்தைக்குக் கீழே கயிறு இருந்ததாம். தொய்ந்தால் இறுக்க வேண்டுமாம். 'ஸ்லீப் டைட்' அதிலிருந்து வந்தது என்று சிலர் சொல்வார்களாம். ஆனால் 'டைட்' என்பதற்கு 'நன்றாக' என்றும் ஒரு பொருள் இருந்தது, அதுதான் சரியாக இருக்கும் என்றார். பூச்சியைப் பிறகு யாரோ சந்தத்துக்காகச் சேர்த்தார்களாம்.

அம்மா நம்பவில்லை. "சந்தத்துக்கு வேற பூச்சி கிடைக்கேல்லையோ?"

கரண்ட் நின்ற ஒரு பின்னேரம், வெக்கை தாங்காமல் மாமி சட்டையின் நீளக்கையைச் சுருட்டிவிட்டார். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, மாமியைக் கடிச்சிருக்கு."

அம்மா வழக்கில் வென்றவர் போல வந்து மாமியின் கையைத் திருப்பிப் பார்த்தார். மேற்பக்கம் நீலம் பாரித்த நாலு அடையாளங்கள் நிரையாக இருந்தன. உட்பக்கம் ஒன்று, தனியாக. மூட்டைப்பூச்சி நிரையாகத்தான் கடிக்கும் என்று நான் எனக்குத் தெரிந்த அறிவியலைச் சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை. மாமி நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

"ஏன் நீர் எனக்குச் சொல்லேல்லை?" அம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

"உங்கட தம்பியெல்லோ, மச்சாள். என்னெண்டு சொல்லுறது?"

அன்றிரவு மாமா வழமைபோல் வாட்ஸ்அப்பில் கோல் எடுத்தார். அம்மா ஃபோனை மாமியிடம் கொடுக்கவில்லை. "அவ இங்கதான் இருப்பா. நீ இந்த வாசல் பக்கம் வராதை" என்று மட்டும் சொல்லி வைத்தார். பிறகு தன் அலமாரியில் இருந்த புதுப் படுக்கைவிரிப்பை எடுத்து மாமியின் கட்டிலில் விரித்தார்.

மூட்டைப்பூச்சி கடித்ததற்கு மாமாவை ஏன் ஏச வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. நாளைக்கு மெத்தையை இன்னொரு தரம் தேடுவோமா என்று கேட்டேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமலே, தேவையில்லை என்றார்.