மொன்ஜி வாங்கிய ஒன்பது மடங்குக் கண்ணாடி

அல்ஜீரிய எல்லையை ஒட்டிய மலையூர் அய்ன் த்ராஹம். அதன் காப்பிக்கடைப் பேச்சில் நூறு மீட்டருக்குக் குறைவான தூரத்தில் யாரும் காட்டுப்பன்றியைச் சுட்டதே இல்லை. கடைக்கு வெளியே, கார்க் மரக் காட்டுக்குள், இருபது அடிக்கு அப்பால் யாரும் ஒரு பன்றியைப் பார்த்ததுகூட இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் உருளைக்கிழங்கு விவசாயி மொன்ஜி.

ஒரு கிழட்டுப் பன்றி மூன்று வாரமாக அவன் வயலை மூக்கால் உழுதுகொண்டிருந்தது. பாதிக் கிழங்கு போயே போய்விட்டது. மீதியைக் காப்பாற்ற வேண்டுமென்றால், ஞாயிற்றுக்கிழமை ஊரே சேர்ந்து போகும் வளைப்பு வேட்டையில் அதை வீழ்த்தியாக வேண்டும். அவன் துப்பாக்கிக் குழலின் நுனியில் குறிபார்க்க மிளகளவு பித்தளை மணி ஒன்று இருந்தது. அதைப் பார்த்துச் சுட்டால் போதும். அந்த மனுஷனுக்குப் போதவில்லை. துப்பாக்கிமேல் பொருத்தும் தொலைநோக்கி வாங்கப் பட்டணம் போனான்.

"எவ்வளவு தூரத்துல சுடுவீங்க?" என்று கடைக்காரர் கேட்டார்.

"நூறு, நூத்தம்பது மீட்டர்," என்றான் மொன்ஜி, கூச்சமே இல்லாமல்.

அதற்குத் தகுந்தபடி, ஒன்பது மடங்கு பெரிதாகக் காட்டும் ஒன்றை அவர் எடுத்துக் கொடுத்தார். அவர்மேல் என்ன தப்பு?

மனைவி ஸுஹ்ரா அதில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள். "நம்ம காட்டுல மூக்குக்கு முன்னாடியே புதர். இதை வச்சு அல்ஜீரியாவுல மேயிற பன்னியையா சுடப்போறீங்க?"

"உனக்கென்ன தெரியும், போடி!"

சனிக்கிழமை எதிர்ச்சரிவில் வைத்த எண்ணெய் டின்னை நான்கு முறை சுட்டான், நான்கும் பட்டது. அதோடு தலைகால் புரியவில்லை.

யாருடைய வயல் பாழாகிறதோ அவனுக்கே வேட்டையில் அந்த வயலுக்கு மேலே நிற்கும் இடம் என்பது அங்கே வழக்கம். வேட்டைத் தலைவர் ஹாஜி துஹாமி மறுநாள் மொன்ஜியை அங்கேதான் நிறுத்தினார். பன்றியை விரட்டி வருபவர்கள் டின் தட்டும் சத்தம், நாய்க் குரைப்பு, முன்னால் புதர் முறியும் ஓசை. மொன்ஜி துப்பாக்கியைத் தூக்கினான். கண்ணாடி நிறைய மயிர். சேறு படிந்த கறுப்பு மயிர். அது தலையா வாலா, தெரியவில்லை. நகர்த்தினான், ஒரு இலை. மறுபடி மயிர். பித்தளை மணியைப் பார்க்கலாமென்றால் அதை இந்தச் சனியன் பிடித்த கண்ணாடி மறைத்திருந்தது. கண்ணை எடுப்பதற்குள் பன்றி அவனைத் தாண்டிவிட்டது. சுட்டான். கார்க் மரம் ஒன்று காயப்பட்டது.

கீழே ஸுஹ்ராவின் அலறல் கேட்டது. பன்றி வயலுக்குள் இறங்கியது, அதன் பின்னால் பதினெட்டு நாய்கள். மீதியிருந்த வரிசைகளைத் துவம்சம் செய்துவிட்டு எல்லாம் ஓடைக்கு அப்பால் போய்விட்டன.

காப்பிக்கடையில் ஹாஜி துஹாமி கேட்டார்: "எவ்வளவு தூரம்டா இருக்கும்?"

 மொன்ஜிக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்தது. சுற்றி இருந்த முகங்களைப் பார்த்தான்.

"நூத்தி இருபது மீட்டர் இருக்கும், ஹாஜி."

"அப்போ தப்பிக்கத்தான் செய்யும். மனசை விடாதே."

பக்கத்து மேசை லஸ்ஸாத் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அந்தக் கண்ணாடி எந்தக் கடையில வாங்கினே, சொல்லேன்?"

வீட்டுக்கு வந்தபோது ஸுஹ்ரா வயலில் குனிந்து, பிளந்த கிழங்குகளைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மேல போய் அளந்து பார்த்தேன். உங்க செருப்புத் தடத்துலேர்ந்து பன்னித் தடம் எட்டடி. கடையில எவ்வளவுன்னு சொன்னீங்க?"

 மொன்ஜி அவள் பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கு பொறுக்க ஆரம்பித்தான்.