பானட்டில் வைத்த பொட்டு

மகன் புதுக் காருக்குப் பளபளப்பு மங்காமலிருக்கச் செராமிக் கோட்டிங் போட்டுக் கொண்டுவந்தான். ஒரு வாரம் தண்ணி படக்கூடாது என்று அவன் சொன்னது என் காதிலும் விழுந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமையாச்சே என்று மஞ்சளும் குங்குமமும் குழைத்து பானட்டில் பொட்டு வைத்தேன். அப்புறம் மகன் ஏசுவானென்று பயந்து ஈரத்துணியால் துடைத்தேன். மறுநாள் அந்த இடம் திட்டுத் திட்டாக மங்கிக் கிடந்தது.

கோட்டிங் போட்டவரைச் சாத்தூரிலிருந்து வரச் சொன்னான். ஒல்லியான ஆள். கன்னம் பானட்டில் படுகிறாப்போலக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"ஏலே, இதுதான் நீ வேலை பாத்த லட்சணமா? எங்க பட்டாசுக் கம்பெனி வண்டி ஒண்ணும் இனி உன்கிட்ட வராது" என்று மகன் சத்தம் போட்டான்.

அவர் துடைத்த துணியில் லேசாக மஞ்சள் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தார். கதவோரம் நின்ற என்னையும் பார்த்தார்.

"என் கைப்பிசகுதான் அண்ணாச்சி. தேச்செடுத்துட்டு மறுபடி பூசிருதேன்."

மகன் உள்ளே போனதும் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "தம்பி, அது வந்து..." என்றேன்.

"அடுத்த வெள்ளிக்குக் கண்ணாடியில வைங்க ஆச்சி. சாமி கோவிச்சுக்கிடாது" என்று சிரித்தார்.

சொன்னபடியே கம்பெனி வண்டிகளை மகன் வேறு ஆளிடம் விட்டான். அந்தத் தம்பி ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பேச்சு வரும்போதெல்லாம் மகன், "வேலை தெரியாத பய" என்கிறான். நான் பேசாமல் அவனுக்குச் சோறு போடுகிறேன்.