சட்டைப்பைக்குள் போன காது

பள்ளிக்கூடத்தில் அவருக்கு அடிஸ்கேல் என்று பெயர். கணக்கு வாத்தியாராக வந்தவர். கணக்கு வரவில்லை, அதட்டல் வந்தது. ஒழுங்கைப் பார்த்துக்கொள் என்று வாசல் கேட்டில் நிறுத்திவிட்டார்கள். பையன்களின் முடியை ஸ்கேல் வைத்து அளப்பார். எந்தப் பிள்ளை என்ன நிற சாக்ஸ் போட்டு வந்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். சாக்ஸுக்கு மேலே ஒரு முகம் இருப்பதை மட்டும் அவர் கண்டதில்லை.

அந்த வருடம் துணைத் தலைமையாசிரியர் நாற்காலி காலியானது. பட்டமளிப்பு விழாவைச் சின்னக் கறைகூட இல்லாமல் நடத்திவிட்டால் நாற்காலி தனக்குத்தான் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார். "அதையும் அளந்து பார்த்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு மனைவி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

விழா அன்று அரங்கத்தின் பின்கதவில் நின்றார். கறுப்பு அங்கி, கறுப்புத் தொப்பி, அதற்குமேல் ஒரு தூசி கூடாது. ஒருவன் தொப்பியில் ஒட்டியிருந்த நட்சத்திரத்தைப் பிய்த்தார். பிய்க்கும்போது முகத்தில் அப்படியொரு பக்தி.

வரிசையின் கடைசியில் ஒரு பெண், காதில் செக்கச்செவேலென்று எதையோ மாட்டிக்கொண்டு வந்தாள். காது கேட்கும் கருவி. இத்தனை வருடமும் அதை முடிக்குள் ஒளித்தே படித்தவள். இன்று ஒளிக்கப்போவதில்லை என்று அவளே சிவப்புச் சாயம் தீட்டி, முடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள். தன் பெயரைக் கூப்பிடுவதைக் காதால் கேட்டு மேடையேற வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

"பாட்டு கேக்கவா வந்தே? கழட்டு."

"சார், இது வந்து..."

"எதிர்த்துப் பேசினா அப்படியே வீட்டுக்குப் போயிடலாம்."

முன்னால் நின்ற தோழி விளக்க வாயெடுத்தாள். அவளுக்கும் ஒரு அதட்டல். உள்ளே அம்மாவும் அப்பாவும் காத்திருந்தார்கள். பெண் கழற்றிக் கொடுத்தாள். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கொள்ளைக்காரனைப் பிடித்த ஏட்டு மாதிரி நெஞ்சை நிமிர்த்தினார் அந்தப் பெரிய மனிதர்.

பட்டம் வாங்கியவர்கள் மேடையிலேயே வரிசையாக நின்றார்கள். கீழே அவள் ஒருத்திதான் பாக்கி. தலைமையாசிரியை மைக்கில் பெயரைக் கூப்பிட்டார். உதடு அசைவது அவளுக்குத் தெரிந்தது. தன் முறை என்பதும் தெரிந்தது. எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். மேடை ஓரத்திலிருந்து அடிஸ்கேல் வா வா என்று கோழியைக் கூப்பிடுவதுபோல் கையை ஆட்டினார். அவள் தன் காதைக் காட்டினாள், பிறகு அவர் சட்டைப்பையைக் காட்டினாள்.

மேடையிலிருந்த தோழி, மைக் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தேதான் சொன்னாள்: "சார், அவ காது உங்க பாக்கெட்ல இருக்கு."

அரங்கம் முழுக்க அந்தப் பையைப் பார்த்தது. மனிதர் வேர்த்து விறுவிறுத்து இறங்கிப் போய் நீட்டினார். அவள் அவசரப்படவில்லை. மாட்டினாள். அது கீச்சென்றது. திருகிச் சரிசெய்தாள்.

"இப்போ கூப்பிடுங்க மேடம்."

கூப்பிட்டார்கள். கேட்டுக்கொண்டு நடந்தாள்.

அவர் மன்னிப்புக் கேட்டாரா? அந்த வார்த்தை எந்த விதியிலும் இல்லையே. பாட்டுப்பெட்டி என்று நினைத்தாராம். பார்த்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லித் திரிந்தார். அடுத்த மாதம் நாற்காலியும் அவருக்கே கிடைத்தது. மேலே இருப்பவர்களுக்கு இப்படி ஒரு ஆள்தான் தோது. உட்கார்ந்ததும் முதல் உத்தரவு போட்டார்: காதுக் கருவிகள் தோல் நிறத்தில் மட்டுமே இருக்க வேண்டும்.

யாருடைய தோல் என்று எழுதவில்லை.