கட்டையில் எண்பது, குழாயில் அறுபத்தொன்று

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பட்டப்பகலில், விளக்குகள் அத்தனையும் எரியும்போது, எனக்கு நடந்தது இது.

மூட்டை தூக்கிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அண்ணி. காசநோயாளிகளின் சளியைச் சூடாக்கிக் கிருமியைச் சாகடிப்பது என் வேலை. பக்கத்து மேசையில் அண்ணி அந்தக் குழாய்களைத் திறந்து சோதிப்பார்.

சூடாக்குவது ட்ரை பிளாக் ஹீட்டரில். தண்ணீர் கிடையாது. துளை போட்ட உலோகக் கட்டை, துளைக்குள் குழாய், அவ்வளவுதான். எங்களிடம் இரண்டு கட்டைகள். சிறு துளையில் குழாய் இறுகிக்கொள்ளும், பிடுங்க வேண்டும். பெருந்துளையில் சட்டென்று வந்துவிடும். நான் பெருந்துளைக் கட்டையையே போட்டேன். எட்டு மாதமாக.

“லொடலொடன்னு ஆடுதே தம்பி, சூடு ஏறுமா?”

“எண்பது டிகிரின்னு காட்டுதே அண்ணி.”

“மிஷினும் உன்னை மாதிரிதான். எப்பக் கேட்டாலும் ஒரே பதில்.”

பிறகு அண்ணிக்கு இருமல் வந்தது. நுரையீரலில் அதே நோய். மருந்துக்குக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அண்ணன் கூடவே கிடந்தார்.

அன்று ஞாயிறு. கூடத்தில் நான் மட்டும். 2.10க்குப் பன்னிரண்டு குழாய்களை வைத்து மூடினேன்.

2.24. டக்.

மூடி திறந்திருந்தது. மூடிவிட்டு, பதிவேட்டை எழுதத் திரும்பினேன்.

2.31. டக்... டக்... டக்...

பன்னிரண்டு குழாய்களும் வெளியே, தாங்கியில் நின்றன. லேபிள்கள் ஒரே பக்கம் பார்த்தபடி... அண்ணி அடுக்குவது போல.

கட்டையில் ஒரே ஒரு குழாய். நான் வைக்காதது. உள்ளே வெறும் தண்ணீர். அதில் ஒரு தெர்மாமீட்டர்.

ஹீட்டர் எண்பது காட்டியது.

தெர்மாமீட்டர்... அறுபத்தொன்று.

எண்பது, கட்டையின் சூடு. குழாய்க்கும் துளைக்கும் நடுவே வெறும் காற்று. எட்டு மாதமாக, சாகாத கிருமியை அண்ணி கையில் கொடுத்திருக்கிறேன்.

முதுகுக்குப் பின்னால் ஓர் இருமல்.

திரும்பினேன்.

யாருமில்லை.

2.40க்கு அண்ணன் போன்.

“பதினொன்றரைக்கே போயிட்டாடா. உன்கிட்டச் சொல்ல வாய் வரல.”

எல்லாம் முடிந்த பிறகுதான் மீதியைச் சொன்னார்.

“கடைசியா ஒண்ணு சொன்னா. ‘எனக்கு எப்படி வந்துச்சுன்னு தம்பிகிட்டச் சொல்லிடாதீங்க. தாங்க மாட்டான்’னு. எப்படின்னு நான் கேக்கறதுக்குள்ள...”

எப்படி வந்திருக்கும் என்று அண்ணன் இன்றுவரை என்னிடம்தான் கேட்கிறார்.