இடுப்பளவுச் சுவர்

ஐப்பசி பிறந்தால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு சுவர் எழும்பும். செம்மண்ணைக் குழைத்து, முழங்கால் உயரத்துக்குச் செங்கல் வைப்போம். தெருவில் ஓடும் மழைத்தண்ணீர் உள்ளே ஏறாது. மழைக்காலம் முடிந்ததும் காலால் ஓர் எத்து விட்டால் போதும், விழுந்துவிடும். போடியில் மலையடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கு இது தீபாவளிக்கு முந்தைய சோலி.

போன வருடம் அந்த நேரம் பார்த்து நான் படியில் வழுக்கி இடது காலை முறித்துக்கொண்டேன். தொடை வரை மாவுக்கட்டு. என் வீட்டுக்காரர் போடிமெட்டுக்கு மேலே தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்திக்கொண்டிருந்தார். படுத்த இடத்திலிருந்தே கொத்தனாரை விரட்டினேன்.

"இந்த வருசம் மண்ணு வேணாம்ணே, சிமெண்ட்டு போடுங்க. இடுப்பு உசரத்துக்கு வரணும்."

"எதுக்குத்தா இம்புட்டு உசரம்? நீ எப்பிடி வெளிய வருவ?"

"கால ஒடச்சுக்கிட்டு நான் எந்தத் தேருக்குப் போகப் போறேன்? வெரசாக் கட்டுங்க."

வாயாடி என்று தெருவில் எனக்குப் பெயர். கொத்தனார் நான் சொன்ன உயரத்துக்கே கட்டிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் தினமும் அந்தச் சுவரை ஏறிக் குதித்து எனக்குச் சோறு கொண்டுவந்தாள்.

வீட்டில் ஆறு மூட்டை ஏலக்காய் இருந்தது. அந்த வருடத்துப் பறிப்பில் அதுவரை எங்களுக்கு மிஞ்சியது அவ்வளவுதான். ஏலக்காய்க்கு ஈரம் ஆகவே ஆகாது. லேசாகப் பட்டாலும் பச்சை வெளுத்துவிடும், அப்புறம் ஒருத்தரும் சீந்தமாட்டார்கள். அதனால் மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் கட்டில் மூட்டைக்கு, தரை மனிதருக்கு. கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்கென்ன தெரியும் ஏலக்காயைப் பற்றி! ஆள் வைத்து மூட்டைகளை அந்த உயரக் கட்டிலில் ஏற்றிவிட்டு, ஒட்டினாற்போல் கீழே மெத்தை போட்டுப் படுத்துக்கொண்டேன்.

சுவர் கட்டிய மூன்றாம் நாள் மத்தியானம் மலையில் கொட்டித் தீர்த்தது. தண்ணீர் தெருப்பக்கம் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் சரிவிலிருந்து இறங்கி, கொல்லைச் சுவரைச் சாய்த்து, அடுப்படிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது. பழைய மண்சுவராக இருந்தால் அந்த வேகத்துக்கு வாசலில் சரிந்து வழிவிட்டிருக்கும். என் சிமெண்ட் சுவர் சொட்டுத் தண்ணீரைக்கூட வெளியே விடவில்லை. வீடு தொட்டி மாதிரி நிறைந்தது.

என் வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து போன் பண்ணினார். "ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு, ஜீப்பு எதுவும் எறங்கல. மூட்ட மேலதான இருக்கு?"

"மேலதான் இருக்கு."

"நீ?"

"கீழ இருக்கேன்" என்பதற்குள் லைன் போய்விட்டது.

ஊன்றி நடக்கிற குச்சியைத் தேடினேன், அது அடுப்படிப் பக்கம் மிதந்துகொண்டிருந்தது. உட்கார்ந்தபடியே வாசல் பக்கம் நகரப் பார்த்தேன். மாவுக்கட்டு ஊறிக் கல்லாகக் கனத்தது, காலை ஒரு சாண்கூட இழுக்க முடியவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். தகரக் கூரையில் விழுந்த மழையில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. தண்ணீர் நெஞ்சுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. கட்டில் காலைக் கட்டிக்கொண்டு, குலசாமியைக் கூப்பிட்டேன், கொத்தனாரைத் திட்டினேன், என்னையும் திட்டிக்கொண்டேன். சொந்தச் செலவில் சமாதி கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேனே என்று அழுதேன்.

மழை கொஞ்சம் விட்டபோதுதான் பக்கத்து வீட்டுக்காரிக்கு என் குரல் கேட்டது. சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தவள், "அடியாத்தி!" என்று ஓடிப்போய்க் கடப்பாரையோடு வந்தாள். பத்துப் பன்னிரண்டு குத்துக்கு அப்புறம் நடுவில் நாலு செங்கல் பெயர்ந்தது. தண்ணீர் தெருவுக்குப் பாய்ந்தது.

உள்ளே வந்து என் தலையைத் துவட்டிவிட்டாள். அப்புறம் கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏன் மதினி, ஒரு மூட்டைய இழுத்துக் கீழ தள்ளிப்பிட்டு, அந்த எடத்துல ஏறி உக்காந்தா என்ன?"

ஆறு மூட்டையும் பொட்டு ஈரமில்லாமல் இருந்தன. ஓரத்து மூட்டை என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவ்வளவு நேரமும் அது எனக்குத் தோன்றவே இல்லை. அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

"இழுத்துப் பாத்தேன், முடியல" என்று பொய் சொன்னேன்.